இரண்டு சாவிக்காரிகள்

அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் மனப்பாடம்.

என் தம்பியின் கைப்பேசிக்கு அவன் அனுப்பிய குரல் செய்திகளைப் பாத்திரம் தேய்க்கும்போது கேட்பேன். பேருந்துக்கு நிற்கும்போது கேட்பேன். சிலர் சாமிப் பாட்டு கேட்கிறார்கள், நான் இதைக் கேட்டேன். "கால்கு, பயப்படாதடா. அண்ணன் இருக்கேன்ல. விட்டதை எடுக்காம எழுந்திரிக்கலாமா? இன்னும் ஒரே ஒரு தடவை. ரைட்டா?" அந்த 'ரைட்டா' முடியும் இடத்தில் பல்லிடுக்கில் காற்றுப் போய் சின்னதாக ஒரு விசில் கேட்கும். அந்த விசிலைக் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். கோபம் ஆறிப்போய்விடக் கூடாதே என்ற பயம் எனக்கு.

குரல்தான் என் பிழைப்பும்கூட. லிஃப்ட் கம்பெனி ஒன்றின் அவசர உதவி மேசையில் வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, மணி படம் போட்ட சிவப்புப் பொத்தானை அழுத்தினால், மறுமுனையில் பேசுகிறவள் நான். உள்ளே இருக்கிறவர்கள் முதலில் கெஞ்சுவார்கள், அப்புறம் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள், கடைசியில் கதவை நெம்பித் திறப்பது எப்படி என்று கேட்பார்கள். அதை மட்டும் சொல்லவே கூடாது. "ஆள் வந்துக்கிட்டிருக்காங்க சார். கதவுல கை வைக்காதீங்க. வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் பொறுமையை அலுவலகத்தில் எல்லாரும் மெச்சுவார்கள். தம்பியிடம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். என் பொறுமை சம்பளத்துக்கு உட்பட்டது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர்ந்த பிறகு அவனை நான்தான் படிக்க வைத்தேன். கணக்கில் புலி. கடையில் பில் போடுகிறவர் பொத்தானைத் தட்டுவதற்கு முன் இவன் தொகையைச் சொல்லிவிடுவான். பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்த முதல் வாரமே 'கால்குலேட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கேதான் கேப்டன் வந்து ஒட்டிக்கொண்டான். வேறு துறை, மூத்த மாணவன், சின்னப் பையன்கள் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். டீ வாங்கிக் கொடுப்பான், தோளில் கை போடுவான், கைப்பேசியில் பந்தயம் கட்டுகிற செயலியை அவனே இறக்கிக் கொடுப்பான்.

கேப்டன் அப்போது பந்தயம் கட்டியதில்லை. ஆள் சேர்ப்பதுதான் அவன் தொழில். அவன் பெயரைச் சொல்லிச் சேர்ந்தவர்கள் தோற்கத் தோற்க அதில் ஒரு பங்கு அவன் கணக்கில் போய் விழும். தம்பி ஜெயித்த நாளில் தட்டிக்கொடுத்தான், தோற்ற நாளில் கட்டிப்பிடித்தான். அந்தக் கட்டிப்பிடிப்புக்குக் கூலி வந்துகொண்டிருந்தது என்பது என் தம்பிக்குக் கடைசியில்தான் தெரிந்தது. விடுதிக் கட்டணம் போனது, யார் யாரிடமோ கைமாற்று வாங்கியது போனது, தேர்வு எழுதவில்லை. ஒருநாள் விடுதிக் காவலாளி அவனை மொட்டை மாடியிலிருந்து கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து எனக்கு ஃபோன் போட்டார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது.

வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். மாத்திரை கொடுத்தால் விழுங்குவான். தட்டை வைத்தால் அது அப்படியே காய்ந்து கிடக்கும். "சாரிக்கா" என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவன் வாயிலிருந்து எதுவும் வராது. சாரி சொல்ல வேண்டியவன் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருந்தான். விடுதிக்குப் போய்த் தேடினேன், அறையைக் காலி செய்திருந்தான். எண்ணை மாற்றிவிட்டான். பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு மகானுபாவர், "அவங்கவங்க இஷ்டத்துக்கு விளையாடினதுக்கு நாங்க என்னம்மா பண்றது?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். அன்று மாடிப்படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். என்றாவது ஒருநாள் அந்த விசில் என் கையில் சிக்கும்.

தம்பியைப் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசனை மையத்தில் சேர்த்தேன். அங்கே ஒரு மேடம், மெதுவாகப் பேசுவார், ஆனால் பிடி உடும்புப் பிடி. சூதில் சிக்கிய மாணவர்களின் கைப்பேசியில் அவர்கள் ஒரு பூட்டுப் போடுவார்கள். பந்தயம் சம்பந்தப்பட்ட எதுவும் திறக்காது, பணமும் அந்தப் பக்கம் போகாது. ஆறு இலக்க எண் ஒன்றைப் போட்டால் மட்டும் திறக்கும். அந்த எண்ணை மாணவன் அறியக் கூடாது. வேறொருவர் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவர்தான் சாவிக்காரர். ஆசை தலைக்கேறும்போது மாணவன் சாவிக்காரரைக் கூப்பிடுவான். அவர் எடுத்தே தீர வேண்டும், பேச்சுக் கொடுத்தே தீர வேண்டும், எண்ணை மட்டும் கொடுக்கவே கூடாது.

"என் தம்பி சாவியை நான் வச்சுக்கறேன் மேடம்" என்றேன்.

"சொந்தக்காரங்க கையில சாவி நிக்காதும்மா. போன தடவை ஒரு அப்பா. பையன் அழுதான்னு அரை மணி நேரத்துல கொடுத்துட்டார். அதனால ரெண்டு ரெண்டு வீடா மாத்திக் கொடுக்கறோம். அந்த வீட்டுப் பையன் சாவி உங்ககிட்ட. உங்க தம்பி சாவி அந்தப் பையனோட அம்மாகிட்ட. பேர் கேக்கக் கூடாது, பேர் சொல்லக் கூடாது. நேர்ல பார்த்துக்கவும் வேண்டாம்."

ஒரே துறையாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மேசைமேல் யாருடையதோ ஒரு கைப்பேசி, திரை ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. எங்கள் அம்மா இருந்தபோது வீட்டில் இருந்த பழைய தொலைபேசியின் ஆறு எண்களையும் அதில் போட்டேன். அந்த எண் எனக்குத் தூக்கத்திலும் மறக்காது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் அந்தப் பிள்ளை கூப்பிட்டது.

"அக்கா, நீங்கதானே என் சாவி? சும்மாதான் கூப்பிட்டேன். எப்படிப் பேசறதுன்னு தெரியல. ஆசை வந்தா கூப்பிடலாம்ல? ரைட்டா?"

விசில்.

கையிலிருந்த டீ புடவையில் கொட்டியதுகூட எனக்கு உறைக்கவில்லை. உலகத்தில் என்னை அக்கா என்று கூப்பிட ஒருத்தனுக்குத்தான் உரிமை. அந்த ஒருத்தனைச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்தவன் அதே வார்த்தையால் என்னைக் கூப்பிடுகிறான். தொண்டை வரைக்கும் வந்த வசவுகளை விழுங்கிவிட்டு, லிஃப்டில் மாட்டியவர்களுக்கென்று வைத்திருக்கும் குரலை எடுத்தேன்.

"எப்ப வேணா கூப்பிடுப்பா" என்றேன். "வீட்ல யார் யார் இருக்காங்க?"

அம்மா மட்டும்தானாம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாளாம். இவன் ஆள் பிடித்து வந்த வரும்படியைக் கொண்டு ஒருநாள் தமாஷுக்குத் தானே ஒரு பந்தயம் கட்டிப் பார்த்திருக்கிறான். அப்புறம் அவனும் மாட்டிக்கொண்டான். கேட்கக் கேட்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனிடம் இழக்க எதுவும் இல்லை, கணக்கு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. என் தம்பி இழந்தபோது அவனிடம் படிப்பு இருந்தது, மானம் இருந்தது, என் நம்பிக்கை இருந்தது. இவனுக்கும் கை நிறையட்டும் என்று காத்திருந்தேன்.

தேன் ஒழுகப் பேசினேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன், தூங்கினாயா என்று கேட்டேன். ஆசை வராத நாளில்கூடக் கூப்பிட ஆரம்பித்தான். லிஃப்டில் மாட்டியவர்களிடம் பேசுவதற்கும் இவனிடம் பேசுவதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். இவனுக்கு நான் யாரையும் அனுப்பி வைக்கவில்லை.

இதற்கு நடுவில் என் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

எல்லாம் அவனுடைய சாவிக்காரி பண்ணிய வேலை. பேர் சொல்லக் கூடாது என்பதால் அவளை 'சாவியம்மா' என்று கூப்பிடுவான், அவளிடம் தன் விடுதிப் பட்டப்பெயரை மட்டும் சொல்லியிருந்தான். அவள் அவனைக் கொஞ்சவே மாட்டாள், போட்டுத் தாளிப்பாள். ஒருநாள் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். "என்னடா கால்குலேட்டர், குளிச்சியா? இங்க வரைக்கும் நாறுது" என்றாள். நான் ஒரு மாதமாகக் கெஞ்சியும் குளிக்காதவன் துண்டை எடுத்துக்கொண்டு போனான். எண்ணைக் கேட்டு அழுத நாளில், நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பை எப்படி மடிப்பது என்று ஃபோனிலேயே சொல்லிக் கொடுத்தாள். மூலைக்குள் மூலையைச் செருக வேண்டுமாம். அதிலிருந்து பைத்தியம் பிடித்தமாதிரி வீட்டிலிருக்கும் விரிப்பையெல்லாம் மடித்து மடித்து அடுக்கினான். மடித்து முடிக்கும்போது அவனுக்குப் பசிக்கும், தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் கேப்டனின் அம்மா என்பது எனக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மகனை வீழ்த்தினால் அம்மாவும் சேர்ந்து விழுவாள், அவள் விழுந்தால் என் தம்பி பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பு போய்விடும். இதையெல்லாம் யோசிக்காமல் இருக்க நான் ஒன்றும் மடச்சி இல்லை. ஆனால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யார் சொன்னது என்று எப்படி நிரூபிப்பான்? அவனே எப்படியோ கண்டுபிடித்துவிட்டான் என்று மேடத்திடம் சாதிப்பேன். சூதாடிப் பையன் பேச்சை யார் நம்புவார்கள்? அந்த அம்மா தன் மகனைத்தான் சபிப்பாள், என் தம்பியிடம் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். செயலியில் முதல் பந்தயம் கட்டும்போது தம்பியும் இப்படித்தான் நம்பியிருப்பான்.

கேப்டன் ஒருநாள் சந்தோஷமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, அம்மா வேலையை விட்டு நிக்கறாங்க. செட்டில்மெண்ட் பணம் வருது. நின்னுபோன ஃபீஸைக் கட்டி நான் பரீட்சை எழுதணுமாம். மொத்தமா என் கணக்குலயே போடப்போறாங்க."

"உன் கணக்குலயா? பயமில்லையா அவங்களுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். பூட்டுதான் இருக்கே, சாவியும் நல்ல கையில இருக்குன்னு சொல்றாங்க. உங்களைத்தான்கா."

ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பணம் வந்த அன்று ஏதோ இறுதிப் போட்டி. மதியம் நான் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுது, அதனால் படியில் ஆள் நடமாட்டம் அதிகம். லிஃப்ட் கம்பெனியின் லட்சணம் அப்படி. கைப்பேசி அடித்தது. அவன் குரல் தடதடவென்று ஆடியது.

"அக்கா, நான் இப்ப நம்பரைக் கேப்பேன். கொடுத்துடாதீங்க. எவ்வளவு கெஞ்சினாலும் கொடுத்துடாதீங்க, ப்ளீஸ்."

நிஜத்தைச் சொல்கிறேன், அப்போது என் மனம் ஒரு நொடி தயங்கியது. எத்தனையோ வருடப் பழக்கம். "சரிப்பா, லைன்லயே இரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஏன் இன்னைக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கு?"

"இந்த ஆட்டம் எனக்குத் தெரியும்கா. எப்படி முடியும்னு அப்படியே தெரியுது. முன்னாடி எங்க கூட்டத்துல கணக்குப் போட்டுத் தர ஒருத்தன் இருந்தான். கால்குலேட்டர்னு கூப்பிடுவோம். அவன் மட்டும் நடுவுல கழண்டுக்காம இருந்திருந்தா நான் இன்னைக்கு இந்த நிலைமைக்கு வந்திருக்க மாட்டேன்."

"கழண்டுக்கிட்டானா?"

"பயந்தாங்கொள்ளி. நாலு தோல்வி தாங்க முடியல. ஓடிட்டான்."

படியில் யாரோ இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள். அவர்கள் போகிறவரை காத்திருந்தேன். ரொட்டியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். என் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"பேனா இருக்கா?" என்றேன்.

"எதுக்குக்கா?"

"எழுதிக்க."

ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், தப்பாக எழுதிவிடக் கூடாதல்லவா. அவன் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. "வேணாம்கா" என்று ஒருமுறை சொன்னான். சொல்லிக்கொண்டே எழுதவும் செய்தான், பேனா கீறுவது எனக்குக் கேட்டது. ஆறாவது எண்ணோடு நான் ஃபோனை வைத்திருக்க வேண்டும். என் திட்டம் அதுதான். ஆனால் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கறுவியதெல்லாம் எதற்கு? கொடுத்தது யார் என்று தெரியாமல் அவன் அழிந்தால் எனக்கு அதில் என்ன சுகம்?

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றேன். "கால்குலேட்டரோட அக்கா. அவன் ஓடலடா. மொட்டை மாடியில போய் நின்னான். போ, நீ போய் ஆடு. விட்டதை எடுக்காம எழுந்திரிக்கலாமா? ரைட்டா?"

வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் தம்பிக்குப் பிடித்த கேக் வாங்கிக்கொண்டு போனேன். "என்னக்கா விசேஷம்?" என்றான். சும்மாதான் என்றேன். நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, பாட்டுக்கூடப் பாடினேன்.

அப்புறம் சில நாட்கள் சாவியம்மா தம்பியின் ஃபோனை எடுக்கவில்லை. அவன் குளிப்பதை நிறுத்தினான். மடித்த விரிப்புகளைப் பிரித்துப் பிரித்து மறுபடியும் மடித்தான். "அவங்களுக்கு உடம்பு சரியில்லையாக்கா? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று என்னையே சுற்றிச் சுற்றி வந்தான். தட்டு மறுபடியும் காய ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் முகம் மலர்ந்திருந்தது. "சாவியம்மா பேசினாங்கக்கா. நேர்ல பார்க்கணும்னு சொன்னாங்க. நான்தான் வீட்டுக்கு வழி சொன்னேன். மேடத்துக்கிட்ட சொல்லிடாத, திட்டுவாங்க."

மதியம் கதவைத் திறந்தேன். குள்ளமான அம்மாள், வலது முன்கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய தழும்புகள். கண்கள் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தம்பி எனக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, வெட்கப்பட்டு நின்றான்.

"இவ்வளவுதான் உயரமா நீ?" என்று அவன் தலையில் குட்டினாள். "போ, டீ போடு. குடிக்கற மாதிரி போடணும்."

அவன் துள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போனான். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தம்பி அடுக்கி வைத்திருந்த விரிப்புகளில் மேலே இருந்ததை எடுத்து உதறினாள். "மூலை சரியா வரல. பிடி" என்றாள். நான் இரண்டு மூலையைப் பிடித்தேன், அவள் இரண்டு மூலையைப் பிடித்தாள். நடுவில் விரிப்பு வெள்ளையாகத் தொங்கியது.

"பேனா இருக்கான்னு கேட்டியாமே" என்றாள்.

நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"மொத்தமும் போச்சு. ஒரே மத்தியானத்துல. இருபது வருஷம் நான் சூட்டுல நின்ன காசு. அன்னையிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கான். கேட்டா, கால்குலேட்டரோட அக்கா, கால்குலேட்டரோட அக்கான்னு அதே பேச்சு. எனக்குத்தான் ஒரு கால்குலேட்டரைத் தெரியுமே."

மடிப்பதற்காக அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள். மூலைகளை என் கையில் கொடுத்தபோது எங்கள் விரல்கள் பட்டன. அவள் விரல் சில்லென்று இருந்தது.

"உன் பையன் என் தம்பியை என்ன பண்ணான்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். ரகசியமாகப் பேச வேண்டியிருந்தது, அதனால் என் கோபம் சீறலாகத்தான் வெளியே வந்தது. "அவன் தோத்ததுல பங்கு வாங்கித் தின்னவன் உன் பையன். நான் பண்ணது தப்புன்னு நான் சொல்லமாட்டேன்."

"எல்லாம் சொல்லிட்டான். மொட்டை மாடியையும் சேர்த்துத்தான். அவனை நான் விளக்குமாத்தால அடிச்சிருப்பேன், எழுந்திரிச்சு நின்னா. நீ சொல்ல வேண்டாம். நான் உன்கிட்ட சாரி கேக்க வரல. நீயும் கேக்காத." விரிப்பின் கீழ் விளிம்பைக் குனிந்து எடுத்தாள். "பஸ்ல வரும்போது ஒண்ணுதான் நெனைச்சேன். உன் தம்பி நம்பர் என் கையில இருக்கு. அவன் கூப்பிடும்போது, எழுதிக்கப்பான்னு சொன்னா முடிஞ்சுது. நீ பண்ண மாதிரியே."

அடுக்களையில் தம்பி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கரண்டியால் தட்டினான். அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவன் மேல கை வைக்காதீங்க" என்றேன். 'நீ' போய் 'நீங்க' ஆகியிருந்தது. "என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. மேடத்துக்கிட்ட சொல்லுங்க. போலீஸுக்குப் போங்க."

"மேடத்துக்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சொன்னா சாவியை மாத்திடுவாங்க. நான் மாத்தமாட்டேன்." மடிப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள், இஸ்திரி போட்டது போலவே படிந்தது. "இன்னைக்குக் கொடுக்கமாட்டேன். நாளைக்கு எனக்கே தெரியாது. அவன் கூப்பிடற ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்து ரூம்ல உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு. இன்னைக்குக் கொடுப்பாளா, மாட்டாளா. நீயும் கொஞ்சம் ஆடிப் பாரு."

தம்பி மூன்று கோப்பைகளோடு வந்தான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சர்க்கரை போட்ட கைக்குக் கணக்குத் தெரியாதா? இதுக்கா உனக்குக் கால்குலேட்டர்னு பேர்?" என்றாள். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, விடுதிக்குப் போவதற்கு முன் பார்த்தது. போகும்போது அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

மேடத்திடம் நானே போய் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று வாசல்வரை போயிருக்கிறேன். கொட்டினால் சாவி மாறும். ஏன் மாறியது என்று தம்பி கேட்பான். கேப்டன் யார், சாவியம்மா யார், அக்கா யார் எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவன் யாருக்காகக் குளிப்பான், யார் சொல்லிச் சாப்பிடுவான்? திரும்பி வந்துவிடுகிறேன். கேப்டனின் பழைய குரல் செய்திகளை இப்போது நான் கேட்பதில்லை. கேட்க வேறு குரல் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் துணி அலசிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அவன் கூப்பிடுவது கேட்டதும் குழாயை மூடினேன்.

"சாவியம்மா, இன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. கை நடுங்குது."

அப்புறம் அவன் பேசவில்லை. அவள்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். 'ம்' என்றான். மறுபடியும் 'ம்' என்றான். ஈரக் கையோடு நான் கதவோரம் போய் நின்றேன்.

"அக்கா" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான். "ஒரு பேனா கொடேன். சாவியம்மா ஏதோ எழுதிக்கச் சொல்றாங்க."

மேசைமேல் பேனா இருந்தது. அதை எடுக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று தெரியாது. எடுத்துப் போய்க் கொடுத்தேன். அவன் பழைய சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்று பார்த்தேன். வெள்ளைத் துணியில் பட்ட மைக்கறைக்கு முதலில் குளிர்ந்த பால், அப்புறம் சோப்பு, வெந்நீர் கூடவே கூடாது என்று எழுதினான்.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நீ பக்கத்துல இருக்கியான்னு கேக்கறாங்கக்கா" என்றான். "இருந்தா, கேட்டேன்னு சொல்லச் சொன்னாங்க."